மணமாலைகளின் அறை

வெள்ளவத்தையில் பூ உலர்த்துவது இலகுவான வேலை அல்ல, தம்பி. கடற்காற்று எந்நேரமும் ஈரத்தைக் கொண்டுவரும். நேற்று வாங்கிய உப்பு இன்று கசியும். எங்கள் வீடு கரையோர ரயில் பாதைக்குப் பக்கத்தில், மாடியில் இருக்கிறது. அங்கே ஒரு றோசா இதழைக் கறுக்காமல் காயவைப்பதென்றால் ஜன்னல் இடுக்குகளை ஒட்டி மூட வேண்டும். கதவு எப்போதும் சாத்தியிருக்க வேண்டும். இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். கதவு சாத்தியிருப்பது அந்த அறையின் வழக்கம்.

அறை என் மருமகள் மேனுகாவுடையது. என் மகன் ராகுலன் டெங்குக் காய்ச்சலில் போன பிறகு அவள் இந்தத் தொழிலைத் தொடங்கினாள். கலியாணம் முடிந்த பெண்கள் தங்கள் மணமாலையை அனுப்புவார்கள். அவள் பூக்களை இதழிதழாகப் பிரித்து, மை ஒற்றும் தாள்களுக்கு நடுவே பரப்பி, பலகை வைத்து அழுத்துவாள். காய்ந்ததும் அதே இதழ்களைத் திரும்பவும் மலராக அடுக்கி, கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒட்டிக் கொடுப்பாள். கிருலப்பனை, கொள்ளுப்பிட்டி என்று எங்கிருந்தெல்லாமோ மாலைகள் வந்தன. காலையில் தாள் மாற்றுவது என் பொறுப்பு. ஈரத்தாளை அப்படியே விட்டால் பூசணம் பிடித்துவிடும்.

மாலை கொண்டுவருகிறவர்களை வாசலில் நானே சந்திப்பேன். அதற்குக் காரணம் உண்டு. தன் மகளின் மணமாலையைத் தொடப்போவது ஒரு விதவையின் கை என்று தெரிந்தால் எந்தத் தாய் அதைத் தருவாள்?

"வேலை செய்யிறது ஆர் ஐயா?" என்று கேட்பார்கள்.

"என்ர மருமகள்."

"மகன்?"

"வெளிநாட்டில."

உள்ளே இருந்து மேனுகாவுக்குக் கேட்கும். அவர்கள் போனதும் சிரிப்பாள். "மாமா, செத்த மனுசனுக்கு நீங்கள் விசாவும் எடுத்துக் குடுத்திட்டியள்."

ஒரு நாள் தாள் மாற்றும்போது, ஒரு தாளுக்குள் போகன்வில்லாப் பூக்கள் இருந்தன. மணமாலையில் யாரும் போகன்வில்லா கட்டுவதில்லை.

"இது ஆரின்ர ஓடர் பிள்ளை?"

"ஓடர் இல்லை மாமா. இது என்ர."

கொட்டாஞ்சேனையில் எங்களுக்குச் சட்டம் அடித்துத் தருகிற கார்த்திகனின் கடைச் சுவரில் அந்தச் செடி படர்ந்திருக்கிறது. அவன் மரியாதையான பிள்ளை. படியிலேயே செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் வருவான். அவனில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. மேனுகாவும் எதையும் ஒளிக்கவில்லை. அவனோடு பதிவுத் திருமணம், பிறகு வத்தளையில் வீடு என்றாள்.

"சனம் என்ன கதைக்கும்?"

"சனம் வந்து எங்களுக்குச் சமைச்சே தருகுது? கதைக்கட்டும் மாமா."

என் வீட்டுக்கு வந்த பெண் இன்னொரு வீட்டுக்குப் போவதில்லை. என் தாயார் இளவயதிலே தாலியை இழந்தவர். சாகும்வரை அவர் தலை நிமிர்ந்து தெருவில் நடந்ததில்லை. நான் அதைப் பெருமையாகவே நினைத்து வளர்ந்தேன். "தனிய இருக்கப் பயத்திலதான் அப்பா நீங்கள் மறிக்கிறியள்" என்று கனடாவிலிருந்து என் மகள் கௌரி சொன்னாள். அது தவறு. எனக்குத் தேநீர் நானே போடத் தெரியும்.

மேனுகாவுக்குச் சிறு வயதிலிருந்தே தொய்வு, ஆஸ்துமா. இழுக்கத் தொடங்கினால் மூச்சு அடைத்துவிடும். பூசணம் அவளுக்கு ஆகவே ஆகாது. பூத்தூள் படக்கூடாதென்று இன்ஹேலரைக் கூடத்து மேசையில் வைத்துவிட்டு உள்ளே போவாள். ஆள் இல்லாத நேரத்திலும் காற்றுக்கு அந்தக் கதவு தானாகத் திறந்துகொள்வதால் வெளிப்பக்கத்தில் ஒரு தாழ்ப்பாள் போட்டிருந்தோம். அவள் உள்ளே போனதும் பூட்டுவது நான். தட்டினால் திறப்பதும் நான். ஒரு தடவைகூடத் தாமதித்ததில்லை.

பதிவுக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. கடைசி மாலையை முடித்துக் கொடுத்துவிடுகிறேன் என்று சொல்லி உள்ளே போனாள். அந்த மாலை இருந்த கட்டின் தாள்களை நான் அந்த வாரம் மாற்றவில்லை. பிரித்தால் தூளாகப் பறக்கும் அளவுக்குப் பூசணம் இருந்தது. அவள் போனதும் தாழ்ப்பாளைப் போட்டேன்.

கொஞ்ச நேரத்தில் இருமல் கேட்டது. பிறகு தட்டினாள்.

"மாமா, திறவுங்கோ. மாமா, நித்திரையே?"

முதலில் குரலில் கோபம்கூட இல்லை. கிழவன் தூங்கிவிட்டான் என்று நினைத்திருப்பாள். நான் கதவுக்கு முன்னால் கதிரையில் இருந்தேன். இன்ஹேலர் என் கையில் இருந்தது. அவள் தட்டுவதை நிறுத்தினாள். பிறகு கதவின் அடியில், நிலத்தோடு, நகத்தால் கீறுகிற சத்தம் வந்தது.

"உங்களுக்கும்... அங்க... அறை..." என்றாள்.

அது எனக்கு அப்போது விளங்கவில்லை. வத்தளை வீட்டில் கீழறைக்கு வெள்ளையடித்து, எனக்கென்று கட்டிலும் போட்டிருந்ததைச் செத்தவீட்டில் கார்த்திகன் சொன்னான். அவள் அதைச் சொன்ன கையோடு ரயில் ஒன்று போனது. அது போன பின் உள்ளே சத்தம் இல்லை.

டாக்டர் தொய்வு என்று எழுதினார். அதில் பொய் இல்லை. ராகுலனின் மனைவியாகவே அவளை அனுப்பி வைத்தேன். சனம் ஒரு வார்த்தை கதைக்கவில்லை.

பிறகு ஏன் பொலிசுக்கு வந்தீர்கள் என்று கேட்கிறீர்கள். உண்மையை மறைத்து வாழ்வது எங்கள் குடும்பத்து வழக்கம் அல்ல. பயந்து வந்தார் என்று எழுத வேண்டாம். அந்தக் கதவைக் கழற்றிச் சுவரோடு சாத்தி வைத்திருக்கிறேன். மழை நேரத்தில் அதன் அடியில் ஏதோ கீறுகிறது. எலியாக இருக்கும். பக்கத்து வீட்டு அஸீஸா மத்தியானத்தில் சோறு கொண்டுவந்து தருவார். "இருங்கோ பிள்ளை, கொஞ்சம் கதைச்சிட்டுப் போங்கோ" என்பேன். "அடுப்புல கறி இரிக்கி அங்கிள்" என்று அவர் போய்விடுவார். அவர் வீட்டுக் கதவு சாத்துகிற வரைக்கும் நான் வாசலிலே நிற்பேன். அது மரியாதை.

தாளை மாற்றாமல் விட்டது நான். பூட்டியது நான். கேட்டுக்கொண்டு இருந்தும் திறக்காதது நான். எல்லாம் குடும்ப மானத்துக்காக, தெளிந்த புத்தியோடு செய்தேன். எங்கே ஒப்பம் வைக்க வேண்டும் என்று காட்டுங்கள்.

ஒன்றே ஒன்று, தம்பி. என்னைத் தனி அறையில் போட வேண்டாம். கூப்பிட்டால் எழும்பி வருகிற மாதிரி யாராவது ஒருவர் பக்கத்தில் இருந்தால் போதும்.