போஸ்டருக்கு ஒரு முகம்

— ஏங்க, அந்த உடும்பு பிடிக்கிற ஆளை வர வேணாம்னு சொல்லிடலாம்லா. பியாவாக் தானே. வீட்டுக்குப் பின்னால லொங்காங் சாக்கடையில எலியைத் தின்னுக்கிட்டு அதுபாட்டுக்குக் கிடக்கு.

— பிரேமளா, கலாபகோஸ் தீவுகளுக்கே போய் வந்தவன் வீட்டுச் சாக்கடையில உடும்பு! ஸ்கூடாய் ஊர் முழுக்கச் சிரிக்கும். வரட்டும், பிடிச்சிட்டுப் போகட்டும்.

— அவரு காட்டுல கொண்டுபோய் விடமாட்டாருங்க. கறி வைப்பாரு.

— அது அதன் தலைவிதி. நீ உன் ஃபோன்ல படங்களைத் தள்ளு. ஞாயிற்றுக்கிழமை நம்ம தாமான் குடியிருப்புச் சங்கத்துல என் உரை, “எரிமலைத் தீவுகளில் நான் கண்ட உயிர்கள்”. போஸ்டருக்கு ஒரு முகம் வேணும்.

— நீங்க எங்கங்க கண்டீங்க? கப்பல்ல வாளியைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டுப் படுத்திருந்தீங்க. கரையில இறங்கினது நான். படம் எடுத்தது நான். இங்க மெர்சிங் படகுப் பயணமே தாங்காத வயிறு.

— அதாவது, பசிபிக் கடலை நான் உடலால் அனுபவித்தேன். சரி, இது என்ன?

— நீலக்கால் பறவை.

— வாத்து மாதிரி இருக்கு. வேணாம். இது?

— ராட்சச ஆமை.

— அச்சு அசல் நம்ம சங்கத் தலைவர். கோவிச்சுக்குவார். அடுத்தது, அடுத்தது... நிறுத்து! ஆகா, அந்தத் தீவுக் கடல் ஓணான், இகுவானா!

— ஏங்க, அது வந்து...

— குறுக்கே பேசாதே. அந்தக் கண்ணைப் பார். கறுத்த எரிமலைப் பாறை, ஈரம் சொட்டச் சொட்ட ஒரு பார்வை! அதாவது, பல லட்சம் வருஷத்துக் கம்பீரம். நம்ம ஊர் உடும்புக்கு இந்தக் களை வருமா?

— அதைத்தாங்க சொல்ல வர்றேன். அந்தப் படம்...

— அதையே போடு. கீழே பெரிய எழுத்துல, “இந்த முகத்தை நான் நேரில் கண்டேன். இவனைக் காப்பது என் கடமை. சிவகணேசன்.” குரூப்ல அனுப்பு.

— கொஞ்சம் யோசிச்சு அனுப்பலாம்லா.

— அலமாக், கொடு இங்கே. நானே அனுப்புறேன்... போயாச்சு. பார், தலைவர் அதுக்குள்ள கட்டைவிரல் போட்டுட்டார். யோகேஸ்வரி டீச்சர் எழுதுறாங்க, “சார், உங்களால நம்ம தாமானுக்கே பெருமை!”

— வாசல்ல ஹார்ன் அடிக்குது.

— உடும்பு பிடிக்கிறவன்தான். போய்க் கேட்டைத் திற.

— திறக்கிறேன். அந்தப் படம் நேத்து மழை விட்டதும் நம்ம லொங்காங்ல எடுத்தது. அவரை என்ன செய்யச் சொல்லட்டும், உங்க கடமையைப் பிடிச்சிட்டுப் போகச் சொல்லவா?