பன்னிரண்டாவது நினைவூட்டல் அட்டை

புத்தகத்தின் மூலையை மடித்து வைக்கிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. ஒரு துண்டுத்தாளைச் செருகி வைத்தால் குறைந்தா போய்விடுவார்கள்? நகர நூலகத்தில் புத்தகம் கொடுத்து வாங்கும் மேசையில் இருபத்திரண்டு வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன். ஒரு பக்கத்தைக் கிழித்தேன், ஒரு புத்தகத்தை ஒளித்துத் தொலைத்தேன் என்று என்னைப் பார்த்து யாரும் விரல் நீட்ட முடியாது. நான் புத்தகங்களுக்கு எதிரி என்று பத்திரிகையில் எழுதியிருப்பதாகச் சொன்னீர்கள். எழுதியவர் எங்கள் நூலகத்தில் உறுப்பினராக இருக்க மாட்டார்.

பேனாவும் தாளும் கொடுத்தது நல்லதாகப் போயிற்று, இன்ஸ்பெக்டர் ஐயா. வாயால் சொன்னால் நீங்கள் குறுக்கே குறுக்கே கேட்பீர்கள், எனக்கு வரிசை தப்பிவிடும்.

முதலில் எங்கள் நடைமுறையைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் உங்களுக்குப் புரியாது. உறுப்பினராகச் சேர வேண்டுமென்றால் ஒருவர் ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டும். அப்பாவோ, வேலை கொடுத்த முதலாளியோ, வீட்டுக்காரரோ, யாராவது ஒரு பொறுப்பான ஆள். எடுத்த புத்தகத்துக்குப் பதினான்கு நாள் கெடு. கெடு தாண்டி ஒரு வாரம் ஆனால் உறுப்பினருக்கு ஒன்று, ஜாமீன்தாரருக்கு ஒன்று என்று இரண்டு நினைவூட்டல் அட்டைகள் போகும். உறை கிடையாது, திறந்த அட்டைதான். புத்தகத்தின் தலைப்பும், எங்கள் அட்டவணையில் அதற்குக் கொடுத்திருக்கும் பொருளும் அதில் இருக்கும். சமையல் புத்தகமென்றால் 'பொருள்: சமையல்'. இதெல்லாம் நான் கண்டுபிடித்தது அல்ல. நான் வேலைக்கு வருவதற்கு முன்பே இருந்தது.

கெடுவை நீட்டித்துத் தரும்படி கேட்பவர்கள் உண்டு. பரீட்சை என்பார்கள், பிரசவம் என்பார்கள், வீட்டில் சாவு என்று ஒருவர் மொட்டைத்தலையோடு வந்து நின்றார். யாருக்கும் தந்ததில்லை. ஒருவருக்கு இரங்கினால் அடுத்தவருக்கு என்ன பதில் சொல்வது?

போன வருஷம் புதிதாக வந்த நூலகர் அம்மா ஏழு புத்தகங்கள் வாங்கிப் போட்டார். ஆணை ஆண் விரும்புவது, பெண்ணைப் பெண் விரும்புவது, இப்படி. எங்கள் வழிபாட்டு மன்றத்துக்கு விஷயம் தெரிந்ததும் கொதித்துப் போனார்கள். நானூறு பேர் கையெழுத்திட்ட மனு போனது. நூலகக் குழு கூடியது. "படிக்கப் பிடிக்காதவங்க எடுக்க வேண்டாம். யாரும் கையில திணிக்கலையே," என்று நூலகர் அம்மா ஒரே வரியில் முடித்துவிட்டார். புத்தகங்கள் இருக்கட்டும் என்று குழு தீர்மானம் போட்டது.

அன்று மாலை மன்றத்தில் ஆளாளுக்குக் கத்தினார்கள். புத்தகங்களைத் தூக்கிவந்து கொளுத்தலாம் என்றார் ஒருவர். புத்தகத்தைக் கொளுத்துவதாவது! நான்தான் எழுந்து, "புத்தகம் அங்கேயே இருக்கட்டும். அது அங்க இருந்தாத்தானே யாரு எடுக்கறாங்கன்னு நமக்குத் தெரியும்," என்றேன். தலைவர் என்னைத் தோளில் தட்டினார். அதுவரை அந்த மன்றத்தில் நான் செருப்புகளை ஒழுங்குபடுத்துகிற ஆளாகத்தான் இருந்தேன்.

நான் செய்தது சின்ன வேலை. அந்த ஏழில் ஒன்று திரும்பி வந்தால் வரவு முத்திரை குத்தாமல் என் இழுப்பறையில் வைத்துக்கொள்வேன். ஏட்டில் அது இன்னும் அந்த ஆளின் பெயரில் இருக்கும். கெடு தாண்டி ஒரு வாரம் ஆனதும் அட்டைகள் போகும். போனபிறகு முத்திரை குத்திப் புத்தகத்தை அலமாரிக்குக் கொண்டுபோய்விடுவேன். அடுத்தவர் எடுக்க வேண்டுமல்லவா? அந்த ஆள் மூச்சிரைக்க ஓடி வருவார். "அடடா, கவனிக்காம விட்டுட்டேன், மன்னிச்சுக்கோங்க," என்பேன். ஒவ்வொருவரிடமும் மன்னிப்புக் கேட்டிருக்கிறேன், ஐயா. கொடுமைக்காரன் மன்னிப்புக் கேட்பானா என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

இப்படிப் பதினொரு பேர். மருந்துக்கடைப் பையனுக்கு முதலாளிதான் ஜாமீன், மறுநாளே வேலை போயிற்று. ஒரு பேருந்து ஓட்டுநருக்கு மைத்துனர் ஜாமீன். ஓட்டுநர் பல் இரண்டு உடைந்து வந்து உறுப்பினர் அட்டையைத் திருப்பித் தந்துவிட்டுப் போனார். ஒரு கல்லூரிப் பெண்ணின் அப்பா அவளைப் படிப்பிலிருந்தே நிறுத்திவிட்டார். அவள் ஏதோ ஆராய்ச்சிக் கட்டுரைக்காக எடுத்தாளாம். அது எனக்கு வருத்தம்தான். ஆனால் அட்டையில் நான் சொந்தமாக ஒரு எழுத்துகூடச் சேர்க்கவில்லை. அட்டவணையில் இருந்ததை அப்படியே எழுதினேன்.

இப்போது தம்பி விஷயம்.

எனக்கும் அவனுக்கும் பதினாறு வயது வித்தியாசம். அப்பா அம்மா போனபோது அவனுக்கு எட்டு வயது. குளிப்பாட்டி, தலைசீவி, பள்ளிக்கூடத்தில் கொண்டுவிட்டவன் நான். பத்து வயதில் நூலகத்தில் சேர்த்து, ஜாமீன் கையெழுத்துப் போட்டவனும் நான். வளர்ந்து, செயற்கைப் பல் செய்யும் கூடத்தில் வேலைக்குப் போனான். தினமும் பல் அச்சு வார்க்கும் வெள்ளை மாவு காய்ந்த விரல்களோடு வீட்டுக்கு வருவான். என் மனைவியின் கடைவாய்ப் பல் அவன் செய்ததுதான். "என் வீட்டுக்காரர் வாங்கித் தந்த நகையைவிட என் கொழுந்தன் செஞ்ச பல்லுதான் நெலச்சு நிக்குது," என்று அவள் ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். பெண் பார்க்கலாமா என்று கேட்டால் மட்டும் அவன் எழுந்து போய்விடுவான்.

நான் விடுப்பில் இருந்த ஒரு நாளில் அவன் அந்த ஏழில் ஒன்றை எடுத்திருக்கிறான். நூலகர் அம்மா கொடுத்திருக்கிறார். பன்னிரண்டாம் நாள், நல்ல பகல் நேரம், மேசையில் கூட்டமில்லை, நேராக என்னிடம் வந்து அந்தப் புத்தகத்தை நீட்டினான். திருப்பித் தருகிற பெட்டியில் போட்டிருக்கலாம். போடவில்லை. விரலெல்லாம் வெள்ளை.

"அண்ணா, இதை அலமாரில வைக்காதே. நீ படி," என்றான்.

நான் தலைப்பைப் பார்த்தேன்.

"அவசரமில்ல. மெதுவாப் படி. படிச்சுட்டு ஒரு வார்த்தை பேசலாம். உன்கிட்ட சொல்லாம யார்கிட்ட சொல்லுவேன்?"

"சரி" என்று வாங்கி இழுப்பறையில் வைத்தேன். அவன் முகம் எப்படித் தெளிந்தது என்று எனக்கு ஞாபகம் இருக்கிறது. இந்தத் தெருவில் விசிலடிக்காதே என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். அன்று விசிலடித்துக்கொண்டே போனான்.

வரவு முத்திரை குத்தவில்லை. நாளை எண்ணினேன். ஒன்பது நாள். இரண்டு அட்டை எழுதினேன். ஒன்று அவனுக்கு, ஒன்று ஜாமீன்தாரருக்கு, அதாவது எனக்கு. இரண்டுக்கும் ஒரே முகவரி. ஏன் உனக்கே எழுதிக்கொண்டாய் என்று நேற்று கேட்டீர்கள். பதினொரு குடும்பத்துக்கு ஒரு நீதி, என் குடும்பத்துக்கு ஒரு நீதியா?

சனிக்கிழமை பகலில் தபால் வரும் என்று தெரியும். மன்றத் தலைவரையும் இன்னும் இருவரையும் தேநீருக்கு அழைத்திருந்தேன். தபால்காரர் அட்டைகளை நீட்டினார். என்னுடையதை எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தேன். தலைப்பு, பொருள், எடுத்தவர் பெயர், திருப்பித் தரவில்லை.

என் மனைவி தட்டைக் கீழே வைத்துவிட்டாள். தம்பி வாசற்படியில் நின்றான்.

"உன் கையிலதானே அண்ணா கொடுத்தேன்?"

"ஏட்டுல இல்லையே" என்றேன். அது உண்மை. ஏட்டில் இல்லை.

"கொடுத்தேங்கறானே. அவன் எப்ப பொய் சொல்லியிருக்கான்?" என்று என் மனைவி என் கையைப் பிடித்தாள். அவள் பக்கம் நான் திரும்பவில்லை.

தம்பி கோபப்படுவான் என்று நினைத்திருந்தேன். படவில்லை. "நீ அதைப் படிச்சியா?" என்று மட்டும் கேட்டான்.

ஊருக்கு வெளியே மன்றத்துக்கு ஓர் அமைதி இல்லம் இருக்கிறது. குடிகாரர்களையும் இவனைப் போன்றவர்களையும் திருத்துகிற இடம். இருபத்தோரு நாள். தலைவர் படிவத்தைச் சட்டைப்பையிலேயே வைத்திருந்தார். தம்பி மாட்டேன் என்றான். அவனைத் தனியாக அழைத்துப்போய், எனக்காகப் போய்விட்டு வா, நீ வருவதற்குள் அந்தப் புத்தகத்தைப் படித்துவிடுகிறேன், வந்ததும் பேசலாம் என்றேன்.

"சத்தியமா படிப்பியா?"

"படிக்கிறேன்."

அவ்வளவுதான், ஐயா. கட்டிப்போட்டு இழுத்துப் போனதாகப் பேசுகிறார்கள். அவனே பையை எடுத்துக்கொண்டு நடந்துபோனான். ஜாமீன்தாரர் என்ற இடத்தில் நான் கையெழுத்துப் போட்டேன். நான் சொன்னால்தான் அவனை வெளியே விடுவார்கள்.

புத்தகத்தை நான் படிக்கவில்லை. பொருள் என்னவென்று அட்டவணையிலேயே இருக்கிறதே.

இருபதாம் நாள் முற்பகல், மேசையில் நான்கு பேர் வரிசையில் நிற்கும்போது இல்லத்துப் பொறுப்பாளர் தொலைபேசியில் பேசினார். காதுக்கும் தோளுக்கும் நடுவே கருவியை வைத்துக்கொண்டு முத்திரை குத்தியபடியே கேட்டேன்.

"சார், முதல்ல நாங்கதான் சாப்பாட்டைக் குறைச்சோம், அது இங்க வழக்கம். இப்ப அவனே தொடறதில்ல. ரெண்டு நாளா தண்ணியும் இறங்கல. எழுந்து நின்னா விழறான். எனக்கே பயமா இருக்கு. நாளைக்குக் கெடு முடியுது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகட்டா?"

"திருந்திட்டானா?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் எதுவும் சொல்லல சார். அண்ணன் படிச்சுட்டாரான்னு மட்டும் கேட்டுக்கிட்டே இருக்கான். என்ன சொல்லட்டும்?"

"இன்னும் இல்லைன்னு சொல்லுங்க."

சாகக் கிடக்கிறவனிடம் ஒரு பொய் சொல்லியிருக்கலாமே என்று என் மனைவி அழுதாள். எனக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. மருத்துவமனை வேண்டாம் என்றும் நான்தான் சொன்னேன். விழுகிறான், தண்ணீர் இறங்கவில்லை என்றதெல்லாம் தெளிவாகக் கேட்டது. அதன் அர்த்தமும் எனக்குத் தெரியும், நான் படிக்காதவன் அல்ல. இரண்டு நாள் கழித்து, உடலை எடுத்துப்போகச் சொல்லி மறுபடி தொலைபேசி வந்தது. அப்போது வரிசையில் யாரும் இல்லை.

முத்திரை மையைத் தேடி நூலகர் அம்மா என் இழுப்பறையைத் திறந்திருக்காவிட்டால் நீங்களும் நானும் சந்தித்திருக்க மாட்டோம். மேலட்டையில் வெள்ளை விரல் ரேகையோடு அந்தப் புத்தகம் அங்கேதான் இருந்தது. ஒரு பக்கத்தின் மூலை மடிந்திருந்ததாம். எனக்குப் படிக்க வேண்டிய இடத்தைக் காட்ட மடித்திருப்பான் என்கிறார் அந்த அம்மா. சின்ன வயதிலிருந்தே படித்துப் படித்துச் சொல்லியும் அவன் கேட்கவில்லை.

கல்நெஞ்சக்காரன் என்று என் மனைவி உங்களிடம் எழுதிக் கொடுத்திருக்கிறாள். கோபத்தில் எழுதியிருப்பாள். இருபதாம் நாள் தொலைபேசியில் நான் கடைசியாகச் சொன்னது அவளுக்குத் தெரியாது. "இன்னும் ஒரு வாரம் கெடு நீட்டிச்சுக் கொடுங்க," என்றேன். இருபத்திரண்டு வருஷத்தில் யாருக்கும் நான் அதைச் செய்ததில்லை, ஐயா. இவனுக்கு மட்டும்தான் செய்தேன். என்ன இருந்தாலும் என் தம்பி.