சுண்ணாம்புக்குக் கீழ

இல்ல சேர், அந்தப் புத்தகத்த எவ்வளவு புரட்டினாலும் காணமாட்டீங்க. அது பள்ளிவாசல் கணக்கு. ஆம்புளையள் குடுத்த காசுதான் அதில ஏறும். பொம்புளையள்ற பிடி அரிசி எதிலயும் ஏறல்ல. அத வீடு வீடாப் போய்ச் சேர்க்கிறவள் நான்தான், உம்மு குல்சும். துறையடிக் கடையில கேட்டுத்தானே வந்தீங்க? பள்ளியில களவெண்டு எழுதின பெட்டிசத்தப் பார்த்து, கணக்குப் பார்க்கக் கொழும்பில இருந்து இவ்வளவு தூரம் வந்திட்டீங்க, முழுசாக் கேட்டுட்டுப் போங்க.

சோத்துக்கு அரிசி போடக்குள்ள ஒவ்வொருத்தியும் ஒரு பிடி அள்ளி வேறாக்கி வைப்பாள். நாப்பது வீடு. பாண் வாங்கப் போலிமில வரிசையா நிண்டு, மரவள்ளி அவிச்சுத் திண்ட காலத்திலயும் அந்தப் பிடிய நிப்பாட்டல்ல. எதுக்கு? எங்கட பொம்புளப் புள்ளையள் ஓதுற கொட்டிலுக்கு ஓடு போட. மூடை நிரம்பினா மரைக்கார் டவுனுக்குக் கொண்டுபோய் விப்பார். பள்ளிக்குப் பொறுப்பு அவர்தானே. நாலு வருஷமாச்சு. ஓடு எங்க? மழை வந்தாப் புள்ளையள் குர்ஆன நெஞ்சோட அணைச்சுக்கிட்டு ஓடுதுகள். கேட்டா, அரிசிய எலி திண்டிட்டாம்! நாப்பத்து மூண்டு மூடை திண்ட எலிய எனக்கும் ஒருக்காக் காட்டட்டும்.

மெதுவாக் கதைக்கவா? ஏன், நானா களவெடுத்தன்?

ஓம், அத்தாட்சி இரிக்கி. எனக்கு என்ட பேர் மட்டும்தான் எழுதத் தெரியும். அதால மூடைக்கு ஒரு கரிக்கோடு, சோறாக்கிற குசினிச் சுவரில. வாங்க, இந்தச் சுவர்தான். வெள்ளையா இரிக்கா? முந்தநாள் நீங்க வாறதாத் தந்தி வந்த கையோட மரைக்கார் சுண்ணாம்பு அடிச்சிட்டார். கொஞ்சம் தள்ளி நில்லுங்க, சப்பாத்து நனையும். இந்தா, ஒரு வாளித் தண்ணி. தெரியிதா? ஈரம் பட்டாக் கரி தெரியும். காயிறதுக்குள்ள எண்ணுங்க சேர்.

என்ன? மரைக்கார் ஏன் என்ட குசினிக்கு வந்து சுண்ணாம்பு அடிக்கோணும் எண்டா கேக்கிறீங்க? அவர்ட குசினிதானே. இருபத்திரெண்டு வருஷமா நான் ஆக்கி அவர் திண்ட குசினி.

பெட்டிசத்தில கையெழுத்து இல்லையெண்டீங்களே. அரசாங்கக் கச்சேரியடியில பெட்டிசம் எழுதுற ஆளப் பிடிச்சு எழுதுவிச்சவள் நான்தான். அண்டைக்கு என்ட பேரப் போடல்ல. தலாக் சொல்லிருவார் எண்டு பயம். இப்ப சொல்லட்டும். பகல் லுஹர் தொழுதுட்டு வாற நேரம்தான். பேனையத் தாங்க, அவர் பார்க்கவே போடுறன்.