ஞாயிற்றுக்கிழமை பாலிஷ்

பாலிஷ் மெஷினில் இரண்டு வகை உண்டு. இருபத்தாறு வருடமாகக் கார்களைத் தேய்த்தே வயிறு வளர்த்தவன் என்பதால், எது நல்லது என்று ஊரில் என்னிடம்தான் கேட்பார்கள். ஷெட்டில் இரண்டும் இருக்க, மெதுவானதை ஏன் எடுத்தாய் என்று நீங்களும் கேட்டீர்கள். எழுதித் தரச் சொன்னீர்கள். நாற்பது வயதுக்கு மேல் எழுத்துப் பழகியவன் நான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ரோட்டரி ஒரே அச்சில் சுழலும். ஆழமான கீறலையும் அரைமணியில் தின்றுவிடும். ஆனால் சூடேறும், ஓரத்தில் ஒரு நொடி கூடுதலாக நின்றால் பெயிண்ட் கருகிவிடும். கருகாவிட்டாலும் வெயிலில் சுழிசுழியாகத் தடம் காட்டும். மற்றது ஆடிக்கொண்டே சுழலும். அழுத்தினால் முரண்டு பிடித்து நின்றுவிடும். மூன்று மடங்கு நேரமாகும். தடம் இருக்காது.

அன்று காலை ஆறே காலுக்கு என் மகள் வீப்கே காரோடு வந்தாள். ராத்திரி குடித்த வாடை போகவில்லை. இடது மட்கார்டில் முழ நீளத்துக்குக் கீறல், அதில் பச்சைப் பெயிண்ட். நசுங்கல் இல்லை.

"கால்வாய்ப் பாதையில ஒரு சைக்கிள்ல இடிச்சிட்டேன்பா. பேக்கரி நடத்துற ஃப்ராவுகே அக்கா. பள்ளத்துல கிடக்கிறாங்க. கை அசைஞ்சுது, நான் பார்த்தேன்."

"ஆம்புலன்ஸைக் கூப்பிட்டியா?"

"பயமாயிருக்குப்பா. நீங்க கூப்பிடுங்க."

அவளுக்கு நாலு வயதில் ஒரு பெண் இருக்கிறாள். இவள் குடியால் அந்தக் குழந்தையை அரசாங்கத்தார் ஒருமுறை எடுத்துப்போய், எட்டு மாதம் கழித்துத் தந்தார்கள். அந்த எட்டு மாதத்தில் வீப்கே இரண்டு தடவை தூக்க மாத்திரையை மொத்தமாக விழுங்கினாள். இரண்டு தடவையும் தூக்கிக்கொண்டு ஓடியவன் நான். மூன்றாம் தடவைக்கு என் காலில் தெம்பில்லை.

அவள் போனை வாங்கி என் பையில் போட்டுக்கொண்டேன். உள்ளே போய்ப் படு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

கை முதலில் ரோட்டரிக்குத்தான் போனது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை, இங்கே சட்டப்படி சத்தம் போடக் கூடாத நாள். எங்கள் தெருவில் அன்றைக்கு ஒரு ஆணி அடித்தாலே ஆள் வந்து நிற்கும். ரோட்டரி போடுகிற ஊளை மூன்று வீடு தாண்டும். அதனால் மற்றதை எடுத்தேன்.

ஏழரைக்கு வீப்கே கதவருகே வந்து நின்றாள். "கூப்பிட்டீங்களாப்பா?"

"கூப்பிட்டாச்சு. கொண்டுபோயிட்டாங்க."

அதை நம்பித்தான் தூங்கினாள். இதைக் கட்டாயம் குறித்துக்கொள்ளுங்கள். குழந்தையை எடுக்க வருகிறவர்களுக்கும் காட்டுங்கள்.

எட்டு மணிக்குப் பக்கத்து வீட்டு ஹார்ம் காலிப் பையோடு வந்தான்.

"மோய்ன் ஓக்கோ," என்று எனக்கு வணக்கம் சொன்னான். "ஞாயித்துக்கிழமையும் வேலையா? சாமி கண்ணைக் குத்தும்யா."

"மக காருதான். சத்தமா இருக்கா?"

"என் பொண்டாட்டி குறட்டைக்கு முன்னாடி இது தாலாட்டு. அதை விடு, பேக்கரி பூட்டிக் கிடக்கு. பதினோரு பேர் பனியில நின்னு வெறைக்கிறோம். ஃப்ராவுகேவுக்குப் போர்வையை விட மனசில்ல போல. ரொட்டி இல்லாம வீட்டுக்குப் போனா என் கதி என்ன?"

"வந்துடுவா," என்றேன்.

சிரித்துக்கொண்டே போனான்.

அப்போது இடது மட்கார்டு முடிந்திருந்தது. பச்சை ஒரு பொட்டுகூட இல்லை. ஆனால் பதினோரு வருடத்துக் கார் அது. பளபளக்கும் இடது பக்கத்துக்கு எதிரே வலது பக்கம் பூ விழுந்த கண்ணாகத் தெரிந்தது. தொழில் தெரிந்த எவனும் ஒரு பக்கத்தை மட்டும் ஏன் தேய்த்தாய் என்று கேட்பான். வலதையும் தேய்த்தேன். பிறகு இரண்டுக்கும் நடுவே பானெட் மங்கிக் கிடந்தது. அப்புறம் கதவுகள்.

ஒன்பது மணிவரை ஃப்ராவுகே உயிரோடு இருந்தாள் என்று விசாரணையில் நீங்கள்தான் சொன்னீர்கள். அடியால் சாகவில்லை, பள்ளத்துத் தண்ணீரில் விறைத்துச் செத்தாள் என்றும் சொன்னீர்கள். ஒன்பதுக்கு நான் காரின் பின்கதவைத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் சாக வேண்டும் என்று நான் ஒரு நிமிடம்கூட நினைத்ததில்லை. பத்தேகாலுக்குக் கால்வாய்ப் பக்கம் சைரன் கேட்டது. கூரை மட்டும்தான் பாக்கி இருந்தது. அதை முடித்ததும் கூப்பிடுவதாகத்தான் இருந்தேன்.