பேரு சொல்லாத பாட்டு

குதிரையக் கொஞ்சம் மெல்லமா ஓட்டு பாய்... இல்ல, இல்ல, வேகமாவே ஓட்டு! மெல்லமா போனா இருக்குற தைரியமும் போயிடும். வாலாஜாபேட்டைல சர்ச்சுக்குப் பின்னால, எம் மாமியார் வூடு. விருந்துக்கா போறேன்? பொண்டாட்டி கோச்சிக்கினு ரயிலேறி வந்துட்டா பாய்!

எல்லாம் அந்த ஜெர்மன் துரையால வந்த பேஜாரு! ஆம்பூர்ல நான் வேல பாக்குற தோல் பதனிடுற ஷாப்புக்குச் சாயம் விக்க வந்த மனுசன், வித்தமா, போனமான்னு இருக்க வேணாமா? தோல் ஊறுற தொட்டிக்கிட்ட நின்னுக்கினு, அந்த நாத்தத்துலயும் பாட்டு! இன்னா துரை இதுன்னு கேட்டுத் தொலைச்சேன். எழுநூறு வருஷத்துக்கு முந்தின காதல் பாட்டாம். அவங்க ஊரு அரமனைல குதிரை வீரனுங்க பாடுவாங்களாம். யாரப் பத்தி? பெரிய எடத்து அம்மா ஒருத்தியப் பத்தி. கல்யாணமானவ, கெடைக்க மாட்டா, அது அவனுக்கே தெரியும். ஆனாலும் அவளுக்கே ஊழியம், அவளுக்கே பாட்டு. அந்தம்மா ஒரு தரம் திரும்பிப் பாத்தா போதும், அதான் கூலி! ஆனா ஒரு சட்டம் இருக்கு பாய்... அவ பேர மட்டும் வெளில சொல்லவே கூடாது. சொன்னா அவ மானம் போயிடும்.

சிரிக்காத. குதிரையக் கவனி.

எனக்கு அப்டியே கிறுகிறுன்னு ஆயிடுச்சு. அடுத்தவன் பொண்டாட்டியப் பாட நான் இன்னா போக்கிரியா? நம்ம வூட்லயே ஒருத்தி இருக்காளே! கல்யாணமாகி நாலு வருஷம், 'ஏய்', 'இந்தா'ன்னு கூப்டதத் தவிர அவளுக்கு இன்னா செஞ்சேன்? சரி, இவதான் நம்ம அரமனை அம்மான்னு முடிவு பண்ணிட்டேன். சோறு போட்டு 'உள்ள வாங்க'ன்னா, வாசல்லயே நின்னேன். ஒரு பார்வை போதும்னேன்! 'வெயில் தலைக்கேறிச்சா'ன்னு கேட்டா. விடியக்காத்தால எழுந்து ஜன்னலுக்கு வெளில பாட்டு. துரை பாட்டுல விடிஞ்சா காவல்காரன் கோபுரத்துலேர்ந்து கத்துவானாம், காதலன் ஓடணுமாம். நமக்கு ஷாப்பு சங்கு ஊதிச்சு, நானும் ஓடினேன். ஆகா, இன்னா சொகம்! நாளெல்லாம் காலு தரையிலயே படல பாய்.

பக்கத்து வூட்டு ரங்கம்மா சும்மா இருப்பாளா? 'யாருக்குடி உம் புருஷன் இப்டி உருகுறான்'னு கேட்டு வச்சுட்டா. இவ எங்கிட்ட வந்து நிக்கிறா. கண்ணு ரெண்டும் கலங்கியிருக்கு. 'யாரு அவ? பேரச் சொல்லுங்க'ன்றா. பேரு சொல்லக்கூடாது, அது சட்டம்னேன்! சிரிச்சிக்கினே சொன்னேன் பாய்! 'நானா?'ன்னுகூடக் கேட்டா... மெதுவாக் கேட்டா. 'ஆமா'ன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும். நான் இன்னா பண்ணேன்? வானத்தப் பாத்துப் பெருமூச்சு வுட்டேன்! துரை அப்டித்தான் வுடுவாரு.

ம்... துரைய இன்னாத்துக்குத் திட்டணும்? அவரா வாய மூடிக்கினு நின்னாரு?

நிறுத்து, நிறுத்து! இதான் வூடு. கதவு சாத்தியிருக்கு. உள்ள மாமியார் சத்தம் கேக்குது. தெருவுல நின்னு பொண்டாட்டி பேரச் சொல்லிக் கூப்ட்டவன் எங்க வம்சத்துலயே இல்ல பாய். குதிரை மெரளப்போவுது, கெட்டியாப் புடிச்சுக்கோ.

அமிர்தவள்ளீ! ஏ அமிர்தவள்ளி! அந்தப் பாட்டெல்லாம் உனக்குத்தான்டி!

ஐயோ, ஜன்னல் தொறக்குது... பாத்துட்டா பாய், பாத்துட்டா! இன்னா சொல்றா? காதுல வுழுந்துச்சா உனக்கு? 'எந்த அமிர்தவள்ளி'ன்னு கேக்குறா! சிரிக்கிறா பாய்!

எம் பொண்டாட்டி அமிர்தவள்ளிதான்டி! வேற யாரு!

வண்டியத் திருப்பிடாத பாய். ஸ்டேஷனுக்கு ரெண்டு பேரு வருவோம்.