தண்ணீர் திறந்தவன்

– கதவ விடு ஏமஸ்! விரல நசுக்கிடுவேன், சொல்லிட்டேன்.

– நசுக்குங்க அண்ணி. இந்தக் கோவத்தோட உங்கள ஜெபசபைக்குப் போக விடமாட்டேன்.

– பயமா? இன்னிக்கு சாட்சி சொல்ற ஞாயிறு. யார் வேணும்னாலும் எழுந்து பேசலாம். நான் பேசப்போறேன். 'ராஜா கையால பதக்கம் வாங்கின இந்தப் பெரிய மனுஷன்தான் என் புருஷன் எனோக்கைத் தண்ணியில முக்கிக் கொன்னவன்'னு பிளிமத் ஊரே கேக்கச் சொல்வேன்.

– பதக்கத்த நான் குத்திக்கவே இல்ல.

– குத்திக்கிட்டா என்ன, பெட்டியில பூட்டினா என்ன? உங்க கப்பல்ல கரி அள்ளிப் போடற ஸ்டோக்கர் பாஸ்கோ நேத்து வந்து எல்லாத்தையும் கக்கிட்டான். வெடிமருந்து அறைக்குள்ள அவரு. மேல் தளத்துல நீ. வால்வத் திருகித் தண்ணி விட்டது நீ. உண்டா, இல்லையா?

– உண்டு.

– அப்பாடா! வாயத் திறந்துட்டான்.

– ஜெர்மன்காரன் குண்டு நேரா பீரங்கி மேடையில விழுந்துச்சு அண்ணி. தீ கீழ இறங்குது. மருந்துல பட்டா கப்பல் ரெண்டாப் பிளந்துடும். எழுநூறு பேரு உள்ள.

– எழுநூறு பேரையும் நானா கட்டிக்கிட்டேன்? பத்துப் படி ஏணி! ஒரு சத்தம் குடுத்திருந்தா ஏறி வந்திருப்பாரே!

– குடுத்தேன்.

– புளுகாத.

– அண்ணி, அம்மா அங்க முன் பெஞ்சுல உக்காந்திருக்கா. ஒரு பிள்ள கையால இன்னொரு பிள்ளன்னு கேட்டா அங்கயே சரிஞ்சிடுவா. என்னை இங்க செருப்பால அடிங்க, வாங்கிக்கறேன். அங்க வேண்டாம்.

– அத்தைக்கும் தெரியட்டும்! உன்னை மடியில போட்டுத் தாங்குறாங்கல்ல! இந்தப் பச்சக் குழந்த பொறந்து ஆறு வாரம். அப்பன் எங்கன்னு நாளைக்குக் கேப்பா. சித்தப்பன் அவசரப்பட்டுட்டான்னு சொல்லவா?

– சொல்லுங்க. அப்படியே சொல்லுங்க. அவளுக்கு அதுதான் நல்லது.

– நல்லதா? ஏன் முகத்தத் திருப்பிக்கற? இங்க பாரு. என்னத்த மறைக்கற?

– ஒண்ணுமில்ல. நேரமாச்சு, போங்க. உங்க இஷ்டம்.

– இவ்வளவு நேரம் மறிச்சவன் இப்ப வழி விடறானாம்! நில்லுடா. ஆள் இருக்கற அறையில தண்ணி விடக் கூடாதுன்னு கப்பல்ல முறை இருக்கு. அவரே எனக்குச் சொல்லியிருக்காரு. அத மீறினியா?

– மீறல. 'அறை காலி'ன்னு தகவல் வந்துச்சு. அப்புறந்தான் திருகினேன்.

– அப்ப அவன்தான் கொலகாரன்! எந்தக் குருட்டுப் பாவி சொன்னான்? பேரச் சொல்லு, சபையில அவன் மானத்த வாங்கறேன்.

– என் மானமே போகட்டும் அண்ணி. விட்டுடுங்க.

– பேரச் சொல்லுடா!

– ஏணிக்கு மேல இருக்கற மூடி சூட்டுல வளைஞ்சு, திறக்க முடியாம இறுகிப் போனது எனக்குத் தெரியாது. தளம் விட்டுத் தளம் பேசற பேச்சுக்குழாயில அண்ணன் குரல் வந்துச்சு. 'எல்லாரும் மேல ஏறிட்டோம்டா, அறை காலி, தண்ணிய விடு'ன்னு. அவன் தப்பிச்சிட்டான்ற சந்தோஷத்துல திருகினேன். முழுசாத் திருகின பிறகுதான் உறைச்சுது... அந்தக் குழாயோட மறுமுனை வெடிமருந்து அறைக்குள்ள மட்டுந்தான் இருக்கு.