கெட்ட சகவாசம் கலைந்த விதம்

சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டில் ராஜபாளையம் பஸ் நின்றுகொண்டிருந்தது. டிரைவர் டீ குடிக்கப் போயிருந்தார். என் செல்லில் சார்ஜ் இல்லை, காது மட்டும்தான் வேலை செய்தது. முன்சீட்டில் இரண்டு பையன்கள். ஒருவன் மடியில் கிட்டார்.

“நம்ம பங்க் ராக் மியூசிக் பேண்ட் ஒரே கச்சேரியில செத்ததுக்கு உங்கப்பாதாம்ல காரணம்,” என்றான் மற்றவன்.

“எங்கப்பா என்னல செஞ்சாவ? ஒரு வார்த்தை குறை சொன்னாவளா?”

“சொல்லிருந்தா சந்தோஷப்பட்டிருப்பேனே! ‘கெட்ட சகவாசம்’னு பேரு வச்சது எதுக்கு? மிக்ஸிக்குள்ள போல்ட்டைப் போட்டு மைக்கைப் பக்கத்துல வச்சது எதுக்கு? ஊரே காதைப் பொத்திக்கிட்டு நம்மள ஏசணும்னுதான?”

“ஏசத்தான செஞ்சாவ. மண்டபத்துக்காரர் செருப்பையே கழட்டிட்டாரு.”

“அவரு ரசிகர். உங்கப்பா? ஸ்பீக்கருக்கு முன்னால சேரைப் போட்டு உக்காந்து, ரெண்டாவது பாட்டுலயே குறட்டை.”

“வீட்டுக்குள்ளயே விசைத்தறி ஓடுதுல்ல. முப்பது வருசமா அந்தச் சத்தத்துலதான் தூங்குதாவ.”

“நான் தொண்டை கிழியக் கத்துதேன், அவரு சிரிச்ச முகமாத் தூங்குதாரு. அதைக்கூடப் பொறுத்துக்கிட்டேன். வெறுத்துப்போயி பாட்டைப் பாதியில நிறுத்துனேம்லா, அப்பப் பதறி எந்திரிச்சு என்ன கேட்டாரு?”

கிட்டார்க்காரன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

“சொல்லுல.”

“‘ஏலே, கரண்ட் போயிட்டா?’ன்னு கேட்டாவ.”